ஒற்றைப் பிரதியின் கதை

போன மாரிக்கு எங்கட ஊர் வாசிகசாலையின் ஓடு ஒழுகி இரண்டு இறாக்கைப் புத்தகங்கள் நனைந்துபோயின. அளவெட்டியில் இருக்கும் சின்னச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலை அது. பாடசாலை நூலகராக இருந்து ஓய்வுபெற்ற அன்ரி ஒருவர் சம்பளம் இல்லாமல் அதைப் பார்த்துக்கொள்கிறார். அவர் நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தாள்களுக்கு நடுவில் பழைய பேப்பரைச் செருகி, ஃபானுக்குக் கீழே பரப்பிக் காயவைத்தார். நானும் போய் உதவி செய்தேன். மூன்று தேறவில்லை. அதில் இரண்டு எந்தக் கடையிலும் கிடைக்கும் பாடநூல்கள். மூன்றாவது, பல வருசத்துக்கு முந்தின ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

“இது வேற ஆரிட்டயும் இருக்குமோ தெரியேல்ல தம்பி” என்றார் அன்ரி. கொஞ்ச நேரம் கழித்து, “உந்தப் போனில படம்பிடிச்சு ஒன்லைனில போடுறது எப்பிடி எண்டு எனக்கும் காட்டு” என்றார். காட்டத் தொடங்கிய முதல் நாளே அவர் ஒரு கேள்வியும் கேட்டார்.

“எல்லாத்தையும் உதில போட்டிட்டா, பிறகு இஞ்ச ஆர் வருவினம்? நான் எதுக்கு?”

அந்த நேரம் என்னிடம் பதில் இருக்கவில்லை. வரலாறு படிக்கிற ஆள் என்றபடியால் பின்னோக்கிப் போய்த் தேடினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது. ஒரு புத்தகத்தைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதற்கு எங்கட மண்ணின் வரலாறு திரும்பத் திரும்ப ஒரே பதிலைத்தான் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஓர் ஊர்க்காரரின் இரண்டு நாவல்கள்

அளவெட்டிக்காரரான அ. ந. கந்தசாமியை முற்போக்கு எழுத்தாளர், நாடகாசிரியர், விமர்சகர் என்று பலவிதமாகச் சொல்வார்கள். 1924இல் பிறந்து 1968இல், 44 வயதை எட்டாமலே இறந்துபோனார். ‘மதமாற்றம்’ என்ற நாடகத்தால் கொழும்பில் பெயர் பெற்றவர். அவர் இரண்டு நாவல்கள் எழுதினார்.

ஒன்று ‘மனக்கண்’. 1966–67இல் தினகரனில் தொடராக வந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அது புத்தகமாக வரவில்லை. ஆனாலும் பத்திரிகையில் வந்ததால் நாடு முழுக்கப் போனது. ஆரோ சிலர் அதைக் கத்தரித்து வைத்தார்கள், எங்கேயோ பழைய இதழ்க் கட்டுகள் மிஞ்சின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கனடாவில் இருக்கும் எழுத்தாளர் வ. ந. கிரிதரன் தனது ‘பதிவுகள்’ இணைய இதழில் அந்த நாவலை வெளியிட்டார். இன்றைக்கு அளவெட்டியில் இருந்தபடியே அதைப் போனில் வாசிக்கலாம்.

மற்றது ‘களனி வெள்ளம்’. இது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அவர் இறந்த பிறகு இன்னொருவரிடம் பத்திரமாக இருந்த அந்தப் பிரதி, 1983 கலவரத்தில் அழிந்துபோனதாக அவரது எழுத்துகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் சொல்கிறார்கள். இப்போது அதன் பெயர் மட்டும் மிச்சம்.

இரண்டையும் எழுதியது ஒரே கைதான். எது நல்ல நாவல் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை, ஏனென்றால் ஒன்றை ஒப்பிட முடியாது. தப்பிய நாவல் மலிவான பத்திரிகைத் தாளில், வாசித்துவிட்டுச் சாமான் சுற்றுகிற தாளில் வந்தது. பத்திரமாக வைத்திருந்த நாவல் போய்விட்டது. ஆயிரம் பேரிடம் கவனமில்லாமல் கிடந்தது தப்பியது. ஒருவரிடம் கவனமாக இருந்தது தப்பவில்லை.

எரிந்ததும் எரியாததும்

யாழ்ப்பாணத்தில் நூலகம் என்று சொன்னாலே மனம் 1981க்குப் போய்விடும். அதற்கு முந்தின கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாழ் பொது நூலகம் கட்டடமாகத் தொடங்கவில்லை. நீதிமன்றத்தில் வேலைபார்த்த க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் வைத்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து காசு திரட்டி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை இடத்தில் 844 புத்தகங்களோடு நூலகத்தைத் திறந்தார்கள். 1935இல் நகரசபை அதைப் பொறுப்பெடுத்தது. நாங்கள் எல்லோரும் படத்தில் பார்க்கும் அந்த வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது 1959இல்தான். ஆக, இரவல் கொடுத்த ஒரு மனிதனின் பழக்கத்தில் இருந்துதான் அந்தப் பெரிய நூலகமே வந்தது.

அந்தக் கட்டடத் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியல் படித்த எவருக்கும் அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் தெரிந்திருக்கும். புத்தகம் பயன்படுத்தப்படுவதற்கே என்பது அதில் முதலாவது. இதை விளக்க அவர் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு இறாக்கையோடு கட்டிவைத்த வழக்கத்தைச் சொல்வார். களவு போகக்கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். காப்பது வேறு, கொடுப்பது வேறு என்று நினைத்த காலம் அது.

1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் போயின. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. நூலகம் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிரிழந்தார். இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லப்பட்டு வருவது. எங்கட ஊர்க் கவிஞர் சேரன் அதை வைத்து எழுதிய ‘இரண்டாவது சூரிய உதயம்’ கவிதையையும் பலர் வாசித்திருப்பீர்கள்.

ஒரு விசயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் ஒரே பிரதி அந்த நெருப்பில் போய்விட்டது என்று கன இடங்களில் எழுதியிருக்கும். நானும் ஓ.எல். படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டியில் அப்படித்தான் பேசினேன். ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூல் அதற்கு நூறு வருசத்துக்கு முன்பே அச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் போய்விட்டது. பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இல் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் குல. சபாநாதன் அதைப் பதிப்பித்தார். எரிந்தது ஒரு சுவடியாக இருக்கலாம். அந்தச் சுவடிக்கே உரிய பாடபேதங்கள் போயிருக்கலாம், அது பெரிய இழப்புத்தான். நூல் போகவில்லை.

இதைச் சொல்வதால் 1981இன் கொடுமை குறையாது, கூடத்தான் செய்யும். ஏனென்றால் உண்மையிலேயே போனவை எவை என்று பிறகு கேட்க வேண்டி வரும். வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள், தனிமனிதர்கள் தங்கள் வாழ்நாள் சேகரிப்பாகக் கொடுத்தவை, உள்ளூர்ப் பத்திரிகைக் கட்டுகள், சின்னச் சின்னத் துண்டுப் பிரசுரங்கள். அவற்றில் பலவற்றின் பெயரே எங்களுக்குத் தெரியாது. பெயர் தெரிந்த ‘வைபவமாலை’யை எல்லோரும் சொல்கிறோம். பெயர் தெரியாததைச் சொல்ல வாய் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு திரும்ப வருவேன்.

ஓலை, அச்சு, சுருள்

புதுக் கருவி வந்து நூலைக் காப்பாற்றியது இது முதல் தடவை இல்லை. ஓலைக் காலத்தில் ஒரு நூலின் ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் இருந்து எழுத்தாணியால் எழுத வேண்டும். எழுத ஆள் இல்லாவிட்டால் கறையானும் இராமபாணமும் அந்த நூலின் கதையை முடித்துவிடும். 1841இல் அமெரிக்க மிஷனரிமாரின் ‘உதயதாரகை’ வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சகம் வைத்தார். மிஷனரிமாரோடு மல்லுக்கட்டிய நாவலர் அவர்களின் கருவியையே கையில் எடுத்தார்.

அதற்குப் பிறகு சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பித்தார். தொட்ட இடமெல்லாம் ஏடு உதிர்கிறதே என்ற கவலையை அவரது பதிப்புரைகளில் இன்றைக்கும் உணரலாம். அவர் பட்ட கஷ்டத்தில் பாதி, ஏடு வைத்திருந்தவர்களிடம் அதைக் கேட்டு வாங்குவதுதான். வீட்டில் பூட்டி வைத்திருந்த பலருக்கு அதை வெளியே கொடுக்க மனமில்லை. கொடுத்தால் போய்விடும் என்ற பயம். கொடுக்காததால்தான் கன ஏடுகள் போயின.

போர்க் காலத்தில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1995 யூலை 9 அன்று இராணுவம் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையைத் தொடங்கியபோது அளவெட்டிப் பக்கமும் அதன் பாதையில் இருந்தது. சனம் ஓடியது. திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள் ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்கவே இடம்பெயர்ந்தது. சைக்கிளில் என்ன கட்டலாம் என்று முடிவெடுக்கிற நேரத்தில் அரிசியையும் உறுதிக் கட்டையும்தான் ஆக்கள் கட்டுவினம். புத்தகத்தை ஆர் கட்டுவினம்? எங்கட பக்கத்தில் பல வாசிகசாலைகளின் பழைய சேகரிப்பு 1995க்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கட ஊருக்குக் கிட்ட உள்ள குரும்பசிட்டியைச் சேர்ந்த இரா. கனகரத்தினத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். தாள் அழியும் என்று தெரிந்து, சேர்த்தவற்றை நுண்படச் சுருளில் பதிவுசெய்தார். அது அந்தக் காலத்துப் புதுத் தொழில்நுட்பம். தனி ஆளாக, பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், ‘உலகத் தமிழர் ஆவணக் காப்பகம்’ என்ற பெயரில் அதைச் செய்தார். 2016இல் காலமானார். நுண்படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுருளை வாசிக்க அதற்கென்று ஒரு மெசின் வேண்டும். ஆகவே பிரதி இருந்தும் வாசகர் இல்லை. காப்பது மட்டும் நடந்தது, பகிர்வது நடக்கவில்லை. அவர் காலத்துக்கு அவரால் முடிந்தது அவ்வளவு.

பொங்கலுக்குத் தொடங்கிய திட்டங்கள்

1998 பொங்கலோடு மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்நின்றார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைச் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அதில் ஈழத்து நூல்கள் சிலவும் வந்தன. ஆனால் எங்கட நூல்கள் எத்தனையோ ஆயிரம். முதலில் என்ன இருக்கிறது என்றே தெரியவேண்டும்.

அந்த வேலையை லண்டனில் இருந்து நூலகர் என். செல்வராஜா செய்தார். ‘நூல்தேட்டம்’ என்ற தொகுதிகளில் ஈழத்தமிழர் நூல்களைக் குறிப்புகளோடு பட்டியலிட்டார். முதல் தொகுதி 2002இல் வந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்கள். ஒரு நூலகர் தனது கட்டடத்தை விட்டுத் தூரத்தில் இருந்தபோதும் நூலகராக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவருக்குக் கீழே இறாக்கை இல்லை, சாவி இல்லை. அட்டைக் குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் இருந்தது.

2005 தொடக்கத்தில் நூலகத் திட்டம் வந்தது. தி. கோபிநாத், மு. மயூரன் முதலிய இளைஞர்கள் தொடங்கியது. ஈழத்து நூல்களைப் பல வருசமாகத் தமிழ்நாட்டு எழுத்தாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவந்த இ. பத்மநாப ஐயர் போன்ற மூத்தவர்களும் கைகொடுத்தார்கள். முதலில் தட்டச்சு செய்த மின்னூல்கள். பிறகு, தட்டச்சு செய்ய வாரக்கணக்கு எடுக்கிறது என்று பார்த்து, பக்கங்களை ஸ்கான் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றும் முறைக்கு மாறினார்கள். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அந்தத் தளம் இயங்குகிறது. ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரு சின்னப் பெட்டி தெரியும். அதற்குக் கீழே ‘வாசிக்க’.

நூலகத்தில் வேலை செய்த எவரும் அந்தப் பெட்டியைக் கண்டவுடன் சிரிப்பார்கள். அது அட்டைப் பட்டியலின் அதே அட்டைதான். அன்ரியும் அதைத்தான் சொன்னார். “இதைத்தானே தம்பி நான் முப்பது வருசமா எழுதினனான்.”

அன்ரி படித்ததும் நான் படித்ததும்

நான் நினைத்தது, அவருக்குக் கருவியைப் படிப்பிப்பது கஷ்டமாக இருக்கும் என்று. கருவி கஷ்டமாக இருக்கவில்லை. முதல் கிழமை படங்களில் விரல் நிழல் விழுந்தது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிப்போகும், டொக்கியுமென்ற் ஆக அனுப்பவேண்டும் என்பது இரண்டாவது கிழமைப் பாடம். யன்னல் பக்கம் காலை வெளிச்சத்தில் வைத்து எடுப்பது, புத்தகத்தின் முதுகு உடையாமல் கண்ணாடித் தட்டால் தாளை அமத்துவது, இதெல்லாம் அவரே கண்டுபிடித்தார். ஸ்கான் செயலியில் பக்க ஓரத்தை வெட்டுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அவரிடம் வாசிகசாலையின் பழைய பட்டியல் ஒரு கொம்பியூட்டர் ஃபைலில் இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதைக் கூகிள் ஷீற்றில் ஒட்டியபோது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. அன்ரி பயந்துபோனார். “எல்லாம் அழிஞ்சு போச்சோ?” அழியவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடும் எழுத்துரு. முகமூடி இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. ஒருங்குறி மாற்றி ஒன்றில் போட்டு எடுத்தோம். முக்கால்வாசி சரியாக வந்தது, மிச்சத்தை அவர் கையால் திருத்தினார். எங்கட ஊர்களில் எத்தனை சங்கங்கள், பாடசாலைகள், கோயில்களின் பழைய ஃபைல்கள் இன்னும் பாமினிக்குள் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அவையும் ஒருவகை ஏடுகள்தான். கறையான் தேவையில்லை, அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டர் போதும்.

அதற்குப் பிறகு தேடல். எங்கட ஊரின் பெரிய கவிஞர் மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி. 1927இல் அளவெட்டியில் பிறந்து 1971இல் மறைந்தவர். ‘குறும்பா’ என்ற வடிவத்தைத் தமிழில் 1966இல் புத்தகமாகத் தந்தவர். இணையத்தில் ‘மகாகவி’ என்று தேடினால் பாரதியார்தான் வருவார். ‘ஹ’ போட்டுத் தேடினால்தான் எங்கட ஆள் வருவார். சிலர் உருத்திரமூர்த்தி என்று போடுவார்கள், சிலர் ருத்ரமூர்த்தி என்று. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதையின் பெயரை எடுத்தாலும் இதே பாடுதான்: தெட்சணாமூர்த்தி, தட்சணாமூர்த்தி, தட்சிணாமூர்த்தி. 1975இல் மறைந்த அவரின் வாசிப்பை இன்றைக்கு யூரியூப்பில் கேட்கலாம். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். ஆனால் எந்த எழுத்தில் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு பாதி கண்ணில் படாமலே போகும்.

எனக்கு இது ஒரு தொல்லையாகத்தான் தெரிந்தது. அன்ரி சாதாரணமாகச் சொன்னார்: “ஒரு பேரைத் தலைப்பா வை, மிச்சத்துக்கெல்லாம் ‘பார்க்க’ எண்டு அட்டை போடு.” அட்டைப் பட்டியல் காலத்தில் இருந்து நூலகர்கள் செய்துவரும் வேலை அது. விக்கியில் அதற்கு ‘வழிமாற்று’ என்று பெயர். ஒரு வரியில் முடிந்துபோகும். தெரிந்தது அவருக்கு, பெயர் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நான் அனுப்பிய படங்கள் எல்லாம் வெறும் இலக்கத்தோடு இருந்ததைப் பார்த்துவிட்டு, “அட்டை எழுதாமல் புத்தகத்தை இறாக்கையில வைப்பமோ?” என்று ஏசினார். பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று பெயர் வைத்தோம்.

அவர் நூலகராக இருந்த காலத்தில் புத்தகமாகவே எண்ணாத ஒன்றையும் இப்போது சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்: கல்வெட்டு. யாழ்ப்பாணத்தார் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவரின் வாழ்க்கை வரலாறு, வம்சம், தோத்திரங்கள் எல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். எந்த வீட்டுப் பறணிலும் நாலைந்து கிடக்கும். டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று இலக்கம் இருக்கிறது. கல்வெட்டை எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆனால் எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் மலாயாவுக்குப் போனது, ஆர் எந்தப் பாடசாலையில் படிப்பித்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கு. ஒரு ஊரின் சமூக வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல சான்று குறைவு. நூலகம் தளத்திலும் இவை நினைவு மலர்களாகச் சேர்க்கப்படுகின்றன.

பகிர முடியாதவை

எல்லாவற்றையும் எடுத்து ஏற்றிவிடலாம் என்று இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருசத்துக்குப் பதிப்புரிமை இருக்கும். மஹாகவியின் நூல்களுக்கு 2041 முடியும் வரை உரிமை அவரது குடும்பத்துக்கு. அதுவரை கேட்டு, அனுமதி வாங்கித்தான் போடவேண்டும். அன்ரி இதில் எங்களை விடக் கண்டிப்பானவர். சின்னக் கவிதைப் புத்தகம் என்றாலும் எழுதியவரின் வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்காமல் தொடமாட்டார். கல்வெட்டுகளில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களும் உறவுமுறைகளும் இருப்பதால் குடும்பம் வேண்டாம் என்றால் ஸ்கான் செய்து வைத்துக்கொள்வார், ஏற்றமாட்டார். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற அந்த முடிவை எந்தச் செயலியும் எடுக்காது.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கு. பி.டி.எஃப். ஆக்கிவிட்டோம், இனி அழியாது என்று நினைப்பது. ஒரே ஒரு போனில் இருக்கும் படம், எரியக்கூடிய ஒரே ஒரு பிரதிதான். ஒரே ஒரு கணக்கில் இருக்கும் ஃபைல், கடவுச்சொல் மறந்த நாளில் களனி வெள்ளம்தான். யூரியூப்பில் இருக்கும் தவில் வாசிப்பு, ஏற்றியவர் கணக்கை மூடினால் போய்விடும். சேர்வர்களுக்கு மாதாமாதம் காசு கட்டவேண்டும். நூலகம் போன்ற முயற்சிகள் நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் நிற்பவை. நாங்கள் வாசித்துவிட்டுப் போகிறோம், பில் கட்டுவது ஆர் என்று கேட்பதில்லை. அதனால் அன்ரியும் நானும் ஒரு விதி வைத்தோம். எந்த ஃபைலும் மூன்று இடத்தில் இருக்கவேண்டும்: வாசிகசாலைக் கொம்பியூட்டர், ஒரு பென் டிரைவ், இணையம். பென் டிரைவ் அவரின் வீட்டு அலுமாரிக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில்.

அப்ப அவரின் கேள்வி? ‘இஞ்ச ஆர் வருவினம், நான் எதுக்கு?’ முதல் பாதிக்கு நேர்மையான பதில்: குறைவான ஆக்கள்தான் வருவினம். அது இணையத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பின்னேரம் நாலு மணிக்கு அவர் கதவைத் திறக்கும்போது பேப்பர் வாசிக்க இரண்டு மூன்று வயதானவர்கள்தான் வருகிறார்கள். என் வயதுக்காரர் ஒருவரும் இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் மழை ஒழுகிய பிறகுதான் போனேன். இரண்டாவது பாதிக்கான பதிலை அவரே செய்து காட்டினார் என்று நினைக்கிறேன். செல்லப்பா இரவல் கொடுத்ததும், தாமோதரம்பிள்ளை ஏட்டைக் கேட்டு வாங்கி அச்சேற்றியதும், செல்வராஜா ஆயிரம் ஆயிரமாகப் பட்டியல் போட்டதும் இதே வேலைதான். பிரதியைப் பெருக்குவது கருவி. பெருகினதில் இருந்து ஒருவர் தனக்குத் தேவையானதைக் கண்டெடுக்க வழி செய்பவர் நூலகர். முதலாவது மலிந்துவிட்ட காலத்தில் இரண்டாவது இன்னும் அரிதாகிறது.

தேறாமல் போன அந்தக் கும்பாபிஷேக மலரை அன்ரி எறியவில்லை. போன கிழமை ஷீற்றைத் திறந்து பார்த்தேன். அதற்கும் ஒரு வரி போட்டிருந்தார். தலைப்பு, கோயிலின் பெயர், பழைய பதிவேட்டில் இருந்து எடுத்த பக்க எண்ணிக்கை. கட்டுரை எழுதியவர்களில் தனக்கு ஞாபகம் உள்ள நாலு பெயர். கடைசிக் கட்டத்தில் ‘பிரதி: எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் படம் எடுத்து அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார். அந்த ஷீற்றின் இணைப்பை ஊர் வட்ஸ்அப் குழுவிலும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரின் குழுக்களிலும் அவரே போட்டிருக்கிறார். இணைப்பை எடுத்து அனுப்புவது எப்படி என்று என்னிடம் கேட்கவில்லை.

இன்னும் ஒருவரும் அனுப்பவில்லை. ஆனால் 1981இல் பெயர் தெரியாமல் போனவை போல அந்த மலர் போகாது. அளவெட்டியைச் சேர்ந்த ஆராவது இதை வாசித்தால், இந்த வார விடுமுறையில் பறணில் ஏறி ஒருக்கால் பாருங்கோ.